ஏழாவது சுருள்

எங்கள் பேட்டையில் அஸர்யா கொஹாரியிடம் மணி என்ன என்று கேட்க எல்லோருக்கும் தயக்கம். "எதுக்குக் கேக்கறே? ஜெபத்துக்கா, சாப்பாட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்பார். இரண்டுக்கும் சட்டத்தில் வேறு வேறு கெடு. இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவனின் பேருந்து போயிருக்கும். எருசலேமின் புக்காரா பேட்டையில், பாரசீகத்து மஷ்ஹத் ஊரிலிருந்து வந்தவர்கள் கட்டிய சின்ன ஜெப ஆலயத்தில் அவர் நாற்பத்தாறு வருஷம் கப்பாயாக இருந்தார். யார் எங்கே உட்காருவது, தோரா என்ற வேதச் சுருளை வாசிக்கும்போது யாரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா, ஊர்க்கதை பேசுகிறவர்களை எப்போது அடக்குவது, எல்லாம் கப்பாயின் பொறுப்பு. அடக்குவதற்கு அவர் வாயைத் திறந்ததில்லை. வலது உள்ளங்கையால் மேடைப் பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். கைக்குழந்தை முதற்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்.

அந்தத் தட்டைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவர் பிறந்த மஷ்ஹத்தில் யூதன் என்று எவனும் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் காலத்தில் ஒரு நாள் கும்பல் புகுந்து, வெட்டு விழுந்து, மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம் ஆனதாகச் சொல்லித் தப்பினார்கள். வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர். யூதர் வேலை செய்யாத சனிக்கிழமை ஓய்வுநாளில் கடையைத் திறந்து வைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அஸர்யாவின் அப்பா அன்றைக்குக் கம்பளத்துக்கு யாரும் வாங்க முடியாத விலையாகச் சொல்லி, வந்தவனைத் திட்டிக்கொண்டே போகவைப்பார். பெண்ணை வேற்று வீட்டார் கேட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொட்டிலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். மஹினை அஸர்யாவுக்குப் பேசியபோது அவளுக்கு வயது ஒன்றரை, அவருக்கு ஆறு. "என்னைக் கேட்டா முடிவு பண்ணினாங்க? அப்ப எனக்குப் பல்லே முழுசா முளைக்கல," என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய தாத்தா பின்யாமீன் ஒரு படி மேலே போனார். அக்கம்பக்கத்தார் வாயை அடைக்க மக்காவுக்கே போய்வந்தார். திரும்பும் வழியில் எருசலேமுக்கு வந்து, இந்த ஜெப ஆலயத்துக்குக் கல் எடுத்துக் கொடுத்தார். வாசல் சுவரில் இன்றைக்கும் அவர் பெயர் இருக்கிறது: ஹாஜி பின்யாமீன் கொஹாரி. யூதக் கோயிலின் சுவரில் ஹாஜி என்று எழுதியிருப்பதை வெளியூர்க்காரர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

இப்படி நூறு வருஷம் ஒளித்துக் காப்பாற்றிய ஒன்றின்மேல் ஒருவனுக்கு எவ்வளவு பெருமை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டவர் எல்லா ஜனங்களிலிருந்தும் எங்களைத் தேர்ந்துகொண்டார் என்று சுருள் முன்னால் நின்று துதி சொல்லும் இடத்தில் அஸர்யாவின் குரல் ஒவ்வொரு முறையும் தழுதழுக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு மஹினோடு எருசலேமில் வந்து இறங்கிய பிறகுதான் அந்த வார்த்தையை அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார். பெருமைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் பூட்டிப் பூட்டியே பழகிய கைக்கு, பூட்ட வேண்டிய அவசியம் போன பிறகும் சாவியைக் கீழே வைக்கத் தெரியவில்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆலயத்து மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. குழாய் வேலைக்கு ஒரு டச்சுக்காரன் வந்தான். நெட்டையன், சிவந்த காதுகள், நாற்பதை நெருங்கும் வயது. யூதனாக மாறியவன், பெயர் ஒபதியா. பிறந்தபோது வைத்த பெயரை அவனும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. எபிரேயத்தை வேதத்திலிருந்தே கற்றவன் என்பதால் தீர்க்கதரிசி ஒருவர் குழாய் ரிப்பேருக்கு வந்தது போலப் பேசுவான். "பெரியவரே, அந்தக் குறடை எனக்குத் தாரும்," என்றான். அஸர்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது அஸர்யா கேட்டார்: "உனக்கு அங்க என்ன குறை? எதுக்கு இந்தச் சுமையைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டே?"

"பக்கத்து யூதர் வீட்டிலே பாட்டுச் சத்தம் கேட்டது, பெரியவரே. கதவைத் தட்டினேன்."

"உடனே திறந்தாங்களா?"

"எங்கே? மூன்று தரம் விரட்டினார்கள். விரட்டவேண்டும் என்பது உம்முடைய ஜனத்தின் வழக்கமாமே. நாலாம் தரம் போனேன். பின்பு மூன்று வருஷம் படிக்கவைத்தார்கள்."

மறுநாள் விடியலில் ஒபதியா ஜெபத்துக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆறு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. அவனை மேடைக்கு அழைக்கும்போது, யூதராகி வந்தவர்களை அழைக்கும் வழக்கப்படி, "ஆபிரகாமின் மகன் ஒபதியா" என்று அஸர்யா அழைப்பார். ஆபிரகாமும் கதவைத் தட்டி வந்தவர்தானே என்று வந்தவர்களுக்கெல்லாம் அவரே தகப்பன். பேச்சிலிருந்த தாரும், வாரும் எல்லாம் போய், எங்கள் சனங்களைப் போலவே ஒபதியா பேரம் பேசவும் சலித்துக்கொள்ளவும் கற்றான். அஸர்யாவுக்கு அவனைப் பிடிக்கும். அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அஸர்யாவுக்கும் மஹினுக்கும் ஒரே பெண், யெமிமா. கிளினிக் மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் குறைத்துக்கொள்ளவும் மாட்டாள். மஷ்ஹத்துக் குடும்பங்களில் வந்த வரன்களையெல்லாம், இவன் அம்மா பேச்சைக் கேட்கிறவன், அவன் யார் பேச்சையும் கேட்காதவன் என்று தட்டிக் கழித்து முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. குளிரில் வேலை செய்து கைவெடிப்போடு களிம்பு வாங்க ஒபதியா மருந்தகத்துக்குப் போவான். வெயில் காலத்திலும் அவனுக்குக் கைவெடிப்பு இருந்ததை மஹின் கவனித்துவிட்டாள்.

எழுபத்து நான்காம் ஆண்டு, கோடை முடியும் சமயம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர்யா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மஹின் வந்து நின்றாள்.

"யெமிமாவுக்கு ஒரு இடம் இருக்கு."

"யாரு?"

"ஒபதியா."

அவர் கை பொத்தானிலேயே நின்றது. "அவனா கேட்டான்?"

"அவன் எப்படிக் கேப்பான்? கேக்கற முகத்தோட நிக்கறான். இவளும் சரின்னு சொல்ற முகத்தோட நிக்கறா. நாமதான் பேசணும்."

"மஹின், தொட்டில்ல பேசி முடிச்சு, ஒளிஞ்சு ஒளிஞ்சு கல்யாணம் பண்ணி, நூறு வருஷம் ரத்தத்தைக் காப்பாத்தியிருக்கோம். எங்கிருந்தோ வந்த..."

"வந்தவன்னா? சட்டத்துல தடை இருக்கா? கல்யாணத்துல கூடுதல் கட்டுப்பாடு ஆசாரிய வம்சத்துக்குத்தான், நீங்க அதுகூட இல்ல. தடை இருந்தாச் சொல்லுங்க."

தடை இல்லை. சட்டம் முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தும் ஒரு வரிகூட அவர் பக்கம் இல்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம். வெள்ளி மாலையே தொடங்கும் ஓய்வுநாளுக்கு விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. இரவு முழுக்க அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் ஓய்வுநாள் காலை. ஆலயத்தில் எழுபது பேர். மேலே மாடத்தில் மறைப்பாக வைத்த மரச்சட்டத்துக்குப் பின்னால் பெண்கள், மஹினும் யெமிமாவும் அவர்களோடு. விடியல் துதிகளை வழக்கமாக உரத்துச் சொல்லும் கிழவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாராவது சொல்லட்டும் என்று கையைக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒபதியாவை எழுப்பிவிட்டார்கள். அவன் முகம் சிவந்து, மேடைக்கு வந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பிறகு, தன்னைப் புறஜாதியானாக, அதாவது யூதனல்லாதவனாக, படைக்காததற்கு நன்றி சொல்லும் துதி வந்தது.

அவன் வாயெடுத்தான். பலகையில் தட்டு விழுந்தது.

"அதை நீ சொல்லக் கூடாது," என்றார் அஸர்யா. "உன்னை அப்படித்தானே படைச்சார். ஆண்டவர் பேரை வெச்சுப் பொய் சொல்லக் கூடாது. அடுத்ததுக்குப் போ."

சட்டப்படி அவர் சொன்னது தவறில்லை. வந்தவன் அந்தத் துதியை மாற்றிச் சொல்லவேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அப்படியே சொல்லலாம் என்றும் வேறு பக்கம் இருக்கிறது. இரண்டும் அவருக்குத் தெரியும். ஒபதியா புத்தகத்தில் விரலை ஒரு வரி கீழே நகர்த்தினான். பிறகு அந்தத் துதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான். அடிமையாகப் படைக்காததற்கும் நன்றி சொன்னான், பெண்ணாகப் படைக்காததற்கும் நன்றி சொன்னான். (மேலே இருக்கிற பெண்கள் இதைக் கேட்டு என்ன நினைப்பார்கள் என்று எங்கள் ஆண்கள் என்றைக்கும் விசாரித்ததில்லை.) கடைசிவரை சொல்லி முடித்து, ஜெபம் முடியும்வரை இருந்து, ஜெபச் சால்வையை எட்டாக மடித்து எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் ஆலயத்துக்கு வரவே இல்லை.

வீட்டில் மஹின் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். யெமிமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஆலயத்துச் சுவத்துல உங்க தாத்தா பேரு என்னன்னு எழுதியிருக்கு?" என்றாள் மஹின்.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"ஹாஜி பின்யாமீன்."

"மக்காவுக்குப் போயிட்டு வந்த கையோட இந்த ஊர்ல வந்து நின்ன மனுஷன். அவர் ஆண்டவர் பேரைச் சொன்னப்ப எவனாவது பலகையைத் தட்டினானா? உள்ள கூட்டிட்டுப்போய்ச் சோறு போட்டாங்க. அந்தச் சோத்துலதான் நீங்களும் நானும் உக்காந்திருக்கோம்."

"நான் சட்டத்தைத்தான் சொன்னேன்."

"சட்டத்தையா சொன்னீங்க? நேத்து சாயங்காலம் நான் சொன்னதுக்குப் பதில் சொன்னீங்க. என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் வீட்டுலதானே இருந்தேன்."

சட்டம் தன் பக்கம் என்று நிரூபிக்க அவர் எங்கள் குருவான ரபியிடம் போனார். ரபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வந்தவனை அவன் பழசைச் சொல்லிக் குத்தாதேன்னு தோரா முப்பத்தாறு இடத்துல சொல்லுது, அஸர்யா. நீ ஒண்ணைக் காப்பாத்தப்போய் முப்பத்தாறை மிதிச்சிருக்கே. அவன் காதுல சொல்லியிருந்தாப் போதாதா?" கிப்பூர் நோன்பு இருபது நாளில் வருகிறது என்பதை ஞாபகப்படுத்தினார். ஆண்டவருக்குச் செய்த பாவத்தை அந்த நோன்பு தீர்க்கும். மனுஷனுக்குச் செய்ததை அவனிடமே போய்க் கேட்டால்தான் தீரும். "அவன் முடியாதுன்னா மறுபடி போய்க் கேளு. மூணு தடவை கேக்கணும்."

அஸர்யா கேட்கவில்லை. நோன்புக்கு முதல் நாள் ஒபதியாவின் தெருமுனைவரை போனார். அங்கே ஒரு காய்கறிக்கடை. தேவையில்லாத வெள்ளரிக்காயை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அடுத்த வருஷமும் போனார், அதற்கடுத்த வருஷமும் போனார். "கொஹாரி வீட்டுல நோன்புக்கு வெள்ளரிக்காய் ஒரு விசேஷமோ?" என்று கடைக்காரனே கேட்டுவிட்டான். தப்பு செய்தவனைவிட, சட்டப்படி தப்பு செய்தவனுக்கு மன்னிப்புக் கேட்பது கஷ்டம். சொல்ல ஆரம்பித்தாலே, ஆனால் சட்டம் என்னவென்றால், என்று வாயில் வந்துவிடும்.

எழுபத்தேழில் ஒரு பனிக்காலத்தில் வீட்டுக் குழாய் வெடித்தது. மஹின் அவரைக் கேட்காமலே ஒபதியாவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். யெமிமா வேலைக்குப் போயிருந்தாள். அவன் வந்து, முழங்காலில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் சரிசெய்தான். தலை ஓரம் நரைத்திருந்தது. அஸர்யா அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

"டீ சாப்பிட்டுட்டுப் போ," என்றார் கடைசியில்.

"சரி அண்ணே."

டீயைக் கையில் எடுத்து, குடிப்பதற்கு முன் சொல்லவேண்டிய துதியை ஒபதியா வழக்கம்போல உரத்துச் சொன்னான். சொல்லிவிட்டு டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்தான். அஸர்யா ஆமென் என்றார். அவன் குடித்தான்.

அந்த ஆமெனில் எல்லாம் அடங்கிவிட்டது என்று அஸர்யா பல வருஷம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார். மஹினிடம் சொன்னபோது அவள் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆமென் சொன்னது ஆண்டவருக்கு. அவனுக்கு என்ன சொன்னீங்க?" என்றாள்.

ஒபதியா இருப்பது இரண்டு தெருதானே தள்ளி, யெமிமாவே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். அப்பா பலகையில் தட்டி வெட்கப்படுத்தியவனிடம், நீ வந்து என் அப்பாவையே கேள் என்று அவள் எப்படிச் சொல்வாள்? அவனும் ஏற்கெனவே ஒரு கதவை மூன்று வருஷம் தட்டியவன். இன்னொரு முறை தட்ட அவனுக்கு மனம் வரவில்லை. கேட்கவும் ஆளில்லாமல் சொல்லவும் ஆளில்லாமல் இரண்டு பேருக்கும் வயதாயிற்று. யெமிமா அதற்குப் பிறகு வந்த வரன்களுக்குக் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வேண்டாம் என்பதோடு முடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு மருந்தை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தாள், சட்டைக்குக் காலர் மாற்றித் தைத்தாள், ஒரு நாளும் முகம் கோணவில்லை. கோணியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தொண்ணூறில் மஹின் போனாள். போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன்கிட்ட போங்க," என்றாள். பையனுக்கு அப்போது அறுபது வயது. போகிறேன் என்றார். அந்த வருஷமும் வெள்ளரிக்காய்தான் வாங்கி வந்தார்.

தொண்ணூற்றைந்தில், பஸ்கா பண்டிகை கழிந்த வாரம், ஒபதியா ஒரு மாடிப்படியில் உட்கார்ந்தபடியே இறந்துவிட்டான். அஸர்யாவுக்குச் செய்தி தெரிந்தது இரண்டு மாதம் கழித்து, அதுவும் காய்கறிக்கடைக்காரன் சொல்லி. அன்றைக்கு அவர் அழுதார். எண்பத்துநான்கு வயதில் ஒரு கடைவாசலில் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் நின்று அழுதார். கடைக்காரன் ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

இறந்தவனிடம் மன்னிப்புக் கேட்பதற்கும் எங்களிடம் சட்டம் இருக்கிறது. பத்து ஆண்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், அவர்கள் முன்னால் நின்று, இஸ்ரவேலின் ஆண்டவருக்கும் இந்த மனுஷனுக்கும் இன்ன பாவம் செய்தேன் என்று சொல்லவேண்டும். பத்துப் பேரும் மன்னிப்பு ஆயிற்று என்று மூன்று முறை சொல்வார்கள். அந்த வருஷம் நோன்புக்கு முதல் நாள் காலை அஸர்யா வேன் வைத்துப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே இருக்கும் மலைக் கல்லறைக்குப் போனார். எல்லோருக்கும் வீட்டில் வேலை, நோன்புக்கு முன் சாப்பிடவேண்டும், மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். எது என்று தெரியவில்லை. காவல்காரனிடம் பெயர் சொன்னார்கள்.

"அட, அந்த மருந்துக்கடை அம்மா வெச்ச கல்லா? அந்தப் பக்கம் வாங்க," என்றான் அவன்.

"எந்த அம்மா?" என்றார் அஸர்யா.

"பேரு தெரியாது, மருந்துக்கடை போன் நம்பர்தான் குடுத்திருக்காங்க. ஒல்லியா இருப்பாங்க. வெள்ளைக் கோட்டோடவே வருவாங்க. செவ்வாய்க்கிழமை ஆனா வந்துருவாங்க. இந்த மனுஷனுக்கு வேற யாரு இருக்கா? கல்லே அவங்கதான் சொல்லி வெட்டினாங்க."

யெமிமா செவ்வாய்க்கிழமைகளில் தாமதமாக வருவாள். மருந்தகத்தில் சரக்கு சரிபார்க்கும் நாள் என்பாள். அஸர்யா கல்லைப் பார்த்தார். ஆபிரகாமின் மகன் ஒபதியா என்று மட்டும் வெட்டியிருந்தது. கல்லின் விளிம்பில், வந்து போனவர்கள் வைக்கும் கூழாங்கற்கள் சீராக ஒரே அளவில் இருந்தன, மாத்திரைகளை எண்ணி வைத்தது போல. எல்லாம் ஒரே கை வைத்தவை.

அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார். நடுவில், ஆனால் சட்டம் என்னவென்றால், என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். பத்துப் பேரும் மன்னிப்பு ஆயிற்று, மன்னிப்பு ஆயிற்று, மன்னிப்பு ஆயிற்று என்று மூன்று முறை வேகமாகச் சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் முடிந்து அவர் பார்த்ததில்லை. இருபத்தொரு வருஷம் செய்ததற்கு, அல்லது செய்யாததற்கு, அரை நிமிஷம் போதும் என்றால் அந்த அரை நிமிஷத்தை உயிரோடு இருந்தவனிடம் ஏன் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவரும் வேனில் ஏறினார்.

மத்தியானம் யெமிமா அடுக்களையில் நோன்புக்கு முந்தைய சாப்பாட்டைச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவருகே வந்து நின்றார்.

"யெமிமா. என்னை மன்னிச்சிரு."

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்கறேன்."

அவர் ஒரு எட்டு உள்ளே வந்தார். "அன்னைக்குத் தட்டினது சட்டத்துக்காக இல்ல. உன்னை அவனுக்குக் குடுக்க மனசில்ல. அதைச் சொல்ல தைரியமில்லாம ஆண்டவர் பேரைச் சொன்னேன்."

யெமிமா அடுப்பை அணைத்தாள். திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். ஐம்பத்துமூன்று வயது முகம், மஹினின் முகம்.

"அன்னைக்கு எத்தனை பேர் முன்னாடி தட்டினீங்க, அப்பா?"

அவளே எண்ணிச் சொன்னாள்.

"கீழ எழுபது பேரு. மேல அம்மாவும் நானும். இன்னைக்கு அவர்கிட்ட கேக்கப் பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போனீங்க. காவல்காரர் போன் பண்ணினார். இங்க நீங்க, நான், இந்தச் சட்டி. இது கணக்குல வராது. உக்காருங்க, வெயில் இறங்குது, சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் ஆலயம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் வெள்ளை உடையில். கிப்பூர் நோன்பு தொடங்கும்போது எங்கள் ஆலயத்தின் ஏழு தோராச் சுருள்களையும் பேழையிலிருந்து எடுத்து, ஏழு பேர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடையைச் சுற்றி நிற்பார்கள். வருஷத்திலேயே பெரிய மரியாதை அதுதான். யாருக்கு என்று கப்பாய் பெயர் சொல்லி அழைப்பார். அஸர்யா ஆறு பேரை அழைத்தார். ஆறு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஏழாவது சுருள் வெள்ளி மணிகளோடு பேழையில் தனியாக நின்றது.

அவர் கையை ஓங்கி மேடைப் பலகையில் ஒரு தட்டு தட்டினார். பழைய தட்டுதான். சத்தம் அடங்கியது.

"எழுந்து வா," என்று அழைத்தார். "ஆபிரகாமின் மகன் ஒபதியா."

யாரும் வரவில்லை. "யாருப்பா அது?" என்றது ஒரு இளங்குரல். "செத்துப்போன குழாய்க்காரர்," என்றது இன்னொன்று. பெரியவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முன்வரிசையில் இருவர் எழுந்தார்கள். ரபி கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தார். இப்போதைய ரபி பழையவரின் மகன், விஷயம் தெரிந்தவர்.

"அவன் வரமாட்டான்," என்றார் அஸர்யா. "இந்த இடத்துல நின்னு அவனை நான் வெட்கப்படுத்தினேன். ஆண்டவர் நம்மைத் தேர்ந்தெடுத்தார்னு தினமும் சொல்றோம். அவன் நம்மைத் தேடிக்கிட்டு வந்தான். வந்தவனை நான் துரத்தினேன். அதுக்குச் சட்டத்தை இழுத்தேன். அது பொய். என் பொண்ணோட வாழ்க்கையையும் அதே கையாலதான் தட்டிவிட்டேன். அவ மேல உக்காந்திருக்கா. எல்லார் முன்னாடியும் அவகிட்ட கேக்கறேன். என்னை மன்னிச்சிரு, யெமிமா."

மேலே மரச்சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் அசைவது கேட்டது. ரபி மெல்லப் போய் ஏழாவது சுருளை எடுத்துவந்து அஸர்யாவின் கையில் கொடுத்தார். அதை அணைத்துக்கொண்டு கிழவர் ஏழாவது ஆளாக நின்றார். ஜெபம் தொடங்கியது.

இரவும் மறுநாள் பகலும் நோன்பு. வீட்டில் யெமிமா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டாத நாள் அது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆலயத்தில் ஒவ்வொரு முறை பாவ அறிக்கை சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்ளும்போதும் அவர் கண்கள் மேலே போயின. மரச்சட்டத்தின் ஓட்டைகளில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வயதில் நோன்பு வேண்டாம், மருந்துக்காவது தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் குடிக்கவில்லை.

பொழுது இறங்கி, கொம்பு ஊதி, நோன்பு முடிந்து வீடு வந்து சேர்ந்தார்கள். மஷ்ஹத்து வீடுகளில் நோன்பை முடிப்பது துருவிய ஆப்பிளில் பன்னீரும் சர்க்கரையும் ஐஸ் தண்ணீரும் கலந்து. மஹின் செய்வது போலவே யெமிமா செய்து, நீள டம்ளரில் ஊற்றி, கரண்டியைப் போட்டு, அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மாத்திரைப் பெட்டியைத் திறந்து ராத்திரி மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் எடுத்து வைத்தாள், அந்த வலது உள்ளங்கையில். அவர் விரல்களை மடக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஆலயத்துல கேட்டது ஒண்ணு, அப்பா," என்றாள். "மூணு தடவை கேக்கணும். உடம்பைப் பார்த்துக்குங்க."